வெப்பமான மாதங்களில் வரும் அறிவிப்புகள்: எப்படிப் படிப்பது, என்ன செய்வது?

சிங்கப்பூரில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊர் இது. ஆனாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை வெப்பம் கூடுவதை எல்லாரும் உணர்கிறோம். பொதுவாக மே மாதமே ஆண்டின் ஆக வெப்பமான மாதம். 2023ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதற்கு முன்பு அந்த அளவு பதிவானது 1983 ஏப்ரலில், தெங்காவில்.

இந்த மாதங்களில் மின்தூக்கிக்கு அருகில் உள்ள அறிவிப்புப் பலகையில் தாள்கள் கூடத் தொடங்கும். வெப்ப அழுத்தம் பற்றி ஒன்று, டெங்கி பற்றி ஒன்று, புகைமூட்டம் பற்றி மற்றொன்று. கைப்பேசியிலும் குறுஞ்செய்திகள் வரும். மின்தூக்கி வரும்வரை பார்த்துவிட்டு, கதவு திறந்ததும் மறந்துவிடுவது நம்மில் பலரின் வழக்கம். அவற்றில் உள்ள எண்களுக்கு என்ன பொருள், எந்த அறிவிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்குவதே இந்தக் கையேட்டின் நோக்கம். வெப்ப அறிவிப்பு மற்றவற்றைவிடப் புதியது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. ஆகவே அதற்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறோம்.

எந்த 33 டிகிரி?

வெப்ப அழுத்த ஆலோசனை 2023 ஜூலையில் அறிமுகமானது. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ‘மைஎன்வி’ செயலியிலும் சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் இணையத்தளத்திலும் அதைப் பார்க்கலாம். அதில் மூன்று நிலைகள் உள்ளன: அளவு 31 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் ‘குறைவு’, 31இலிருந்து 33க்குள் இருந்தால் ‘மிதம்’, 33ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ‘அதிகம்’.

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. “33 டிகிரி ஒரு வெப்பமா? எங்கள் ஊரில் மே மாதம் 40ஐத் தாண்டும், அதிலேயே வேலை செய்திருக்கிறோம்” என்று திருச்சி, வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருப்போர் சொல்வது இயல்பு. அவர்கள் ஊரில் 40 டிகிரி என்பது உண்மை. ஆனால் அந்த 40 வேறு, இந்த 33 வேறு.

நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் சொல்லப்படுவது காற்றின் வெப்பநிலை. நிழலில் வைத்த வெப்பமானி காட்டும் அளவு அது. வெப்ப அழுத்த ஆலோசனையில் பயன்படுத்தப்படுவதோ ‘டபிள்யூபிஜிடி’ எனப்படும் வேறோர் அளவு. அதைக் கணக்கிட மூன்று வெப்பமானிகளின் அளவுகள் சேர்க்கப்படுகின்றன. ஒன்றின் குமிழைச் சுற்றி ஈரத் துணி இருக்கும். காற்றில் ஈரப்பதம் குறைவாக இருந்தால் துணியிலுள்ள நீர் வேகமாக ஆவியாகிக் குமிழைக் குளிர்விக்கும்; ஈரப்பதம் அதிகமாக இருந்தால் ஆவியாகாது, குமிழும் குளிராது. மற்றொன்று கறுப்பு உருண்டைக்குள் இருக்கும். வெயிலில் நிற்கும் உடல் எவ்வளவு சூட்டை வாங்கிக்கொள்ளும் என்பதை அது காட்டும். மூன்றாவதுதான் வழக்கமான வெப்பமானி. கணக்கில் பத்தில் ஏழு பங்கு ஈரத் துணி சுற்றிய வெப்பமானிக்கு, இரண்டு பங்கு கறுப்பு உருண்டைக்கு, ஒரே ஒரு பங்குதான் வழக்கமான வெப்பமானிக்கு.

ஈரத் துணிக்கு ஏன் இவ்வளவு பங்கு? நம் தோலும் அந்தத் துணியைப் போன்றதே. வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அந்த வியர்வை ஆவியாக வேண்டும். உலர்ந்த காற்றில் அது உடனுக்குடன் ஆவியாகிவிடும். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் வியர்வை சட்டையை நனைத்து, முதுகில் வழிந்து கீழே சொட்டும். சொட்டும் வியர்வையால் உடலுக்குப் பயன் இல்லை. நீரும் உப்பும்தான் வீண். வறண்ட ஊரின் 40 டிகிரியில் தாக்குப்பிடித்த உடல் இங்கே குறைந்த வெப்பநிலையிலேயே தடுமாறக் காரணம் அதுதான்.

ஆகவே ‘மைஎன்வி’யில் 33 என்று கண்டால், அதை நாளிதழில் வரும் 33உடன் ஒப்பிட வேண்டாம். திறந்த வெளியில் நீண்ட நேரம் உழைத்தால் உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள மிகவும் சிரமப்படும் நிலை அது.

நிலைக்கு ஏற்ற நடவடிக்கை

‘குறைவு’ என்றால் வழக்கமான வேலைகளைத் தொடரலாம். ‘மிதம்’ என்றால் வெளியே நெடுநேரம் இருப்போர் அடிக்கடி நிழலுக்கு வர வேண்டும், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். ‘அதிகம்’ என்றால் கடுமையான உடற்பயிற்சி, விளையாட்டு, சந்தைக்கு நடந்து போவது போன்றவற்றை நாளின் வேறு நேரத்திற்கு மாற்றிவிடுவது நல்லது. முதியவர்கள், சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், நீரிழிவு, இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ‘மிதம்’ என்பதையே ‘அதிகம்’ என்று எடுத்துக்கொள்ளலாம்.

தீவின் பல இடங்களில் அளவுகள் எடுக்கப்படுகின்றன. ஒரே பிற்பகலில் ஜூரோங்கில் ஒரு நிலையும் சாங்கியில் வேறொரு நிலையும் இருக்கலாம். நீங்கள் இருக்கும் இடத்திற்கு அருகில் உள்ள நிலையத்தையே பாருங்கள். அடுப்பு எரியும் சமையலறை, சன்னல் இல்லாத சேமிப்பறை, பிற்பகல் வெயில் முழுவதும் படும் மேற்குப் பார்த்த அறை ஆகியவற்றின் நிலை அந்த அளவில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வெளியே ‘மிதம்’ என்று இருக்கும்போது, மூன்று அடுப்புகளில் விருந்துச் சமையல் நடக்கும் அறைக்குள் அதைவிட மோசமாக இருக்கக்கூடும்.

வீட்டில் குளிர்சாதனம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. காற்றின் வெப்பநிலை 40 டிகிரிக்குக் குறைவாக இருக்கும்வரை மின்விசிறி உடலைக் குளிர்விக்க உதவும். சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆக அதிகமான வெப்பநிலையே 37தான். கழுத்திலும் கைகளிலும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மின்விசிறியின் முன் உட்கார்ந்தால் பலன் இன்னும் கூடும். குளிர்சாதனம் பயன்படுத்துவோர் அதை 25 டிகிரி அல்லது அதற்கு மேல் வைத்து, மின்விசிறியையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். மேற்குப் பார்த்த சன்னல்களின் திரைச்சீலையைப் பிற்பகல் வருமுன் இழுத்துவிடுங்கள். வீட்டில் இருக்க முடியவில்லை என்றால் நூலகமோ சமூக மன்றமோ இருக்கிறது. தனியாக வசிக்கும் தாத்தா பாட்டி அண்டை வீட்டில் இருந்தால், பிற்பகலில் ஒருமுறை கதவைத் தட்டிப் பாருங்கள். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும். “எனக்குத் தாகமே இல்லை” என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

உடம்புச் சூடும் வெப்ப நோயும்

தமிழில் ‘சூடு’ என்ற சொல்லுக்குப் பல வேலைகள். கண் எரிந்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு, மாம்பழம் அதிகம் சாப்பிட்டால் சூடு. இந்தச் சூட்டுக்கு மோர், இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் என்று வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் உண்டு. அவற்றைக் குறைசொல்வது நம் நோக்கம் இல்லை. ஆனால் அந்த உடம்புச் சூடும், மருத்துவர்கள் சொல்லும் வெப்ப நோயும் ஒன்றல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால், மயங்கி விழும் நிலையில் இருப்பவருக்கு மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆபத்து இருக்கிறது.

வெப்ப நோய் படிப்படியாக வரலாம். முதலில் கால், வயிற்றுத் தசைகளில் பிடிப்பு. அடுத்து வெப்பக் களைப்பு: அதிக வியர்வை, தலைசுற்றல், தலைவலி, குமட்டல், சோர்வு. இந்தக் கட்டத்தில் குளிர்ந்த இடத்திற்கு வந்து, படுத்து, கால்களைச் சற்று உயர்த்தி, சிறிது சிறிதாகத் தண்ணீர் குடித்தால் பெரும்பாலோர் தேறிவிடுவர். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெப்பத் தாக்கு இவற்றைவிடக் கடுமையானது. உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, மூளை பாதிக்கப்படத் தொடங்கும். பேச்சு குழறும். கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் வரும். நடை தள்ளாடும். சிலர் காரணமில்லாமல் கோபப்படுவர். வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். ‘வியர்க்கவில்லை என்றால்தான் வெப்பத் தாக்கு’ என்று பலர் எண்ணுகிறார்கள். வேலையின்போதோ உடற்பயிற்சியின்போதோ வெப்பத் தாக்குக்கு ஆளாகிறவருக்கு உடல் முழுக்க வியர்த்திருக்கலாம். ஆகவே வியர்வையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பேச்சையும் நடத்தையையும் கவனியுங்கள். “இன்று என்ன கிழமை? நாம் எங்கே இருக்கிறோம்?” என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் 995ஐ அழையுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கும் நிமிடங்களே முக்கியமானவை. அவரை நிழலுக்கோ குளிரூட்டப்பட்ட இடத்திற்கோ கொண்டுசெல்லுங்கள். காலணி, தலைக்கவசம், மேலுடை ஆகியவற்றைக் கழற்றுங்கள். உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். கூச்சப்பட்டு நிற்கும் நேரம் அல்ல அது. நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரையும் கொடுக்க வேண்டாம். கிருமியால் வரும் காய்ச்சலைத் தணிக்கும் மாத்திரை இந்த வெப்பத்தைத் தணிக்காது. மயங்கியவருக்கு நெற்றியிலும் நெஞ்சிலும் தைலம் தேய்ப்பது நம்மிடையே வழக்கம். அதனால் தோலில் குளிர்ச்சியான உணர்வு வருமே தவிர உடல் வெப்பம் இறங்காது. அந்த நேரத்தைத் தண்ணீர் ஊற்றுவதில் செலவிடுங்கள்.

பூட்டிய காருக்குள் பிள்ளைகளையோ முதியவரையோ ‘இரண்டு நிமிடம்தான்’ என்று விட்டுச் செல்லக் கூடாது. சன்னலைச் சற்றுத் திறந்து வைத்தாலும் காருக்குள் வெப்பம் வேகமாக ஏறும்.

எல்லாருக்கும் ஒரே அளவு தண்ணீர் இல்லை

‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று எல்லா அறிவிப்புகளிலும் இருக்கும். ஆரோக்கியமானவர்களுக்கு அது நல்ல அறிவுரை. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய அளவு குடிக்கிறீர்கள் என்று கொள்ளலாம். ஆனால் இதயம் பலவீனமாக இருப்பவர்கள், ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று மருத்துவர் அளவு சொல்லியிருப்பார். அறிவிப்பைப் பார்த்துவிட்டு அந்த அளவை அவர்களாகவே கூட்டிக்கொண்டால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத்திணறல் வரக்கூடும். குறைத்துக்கொண்டாலும் ஆபத்துதான். வெப்பமான மாதங்கள் தொடங்குமுன் பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ உங்கள் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இளநீரைப் பற்றியும் இதே எச்சரிக்கை. அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களின் உடலில் அது தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கலாம். மோரில் உப்பை அள்ளிப் போடும் பழக்கம் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நல்லதல்ல. உப்பைக் குறைத்து, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்த்துக்கொண்டால் சுவை குறையாது.

தேநீர்க் கடையில் தாகத்திற்கு நாம் கேட்பது பெரும்பாலும் ஐஸ் போட்ட தே தாரிக், பண்டுங், லைம் ஜூஸ். குளிர்ச்சியாக இருக்கும், சீனியும் அதிகம் இருக்கும். கடையில் விற்கும் பானங்களில் ‘நியூட்ரி-கிரேட்’ முத்திரையைப் பாருங்கள். ஏ முதல் டி வரை தரம் தரப்பட்டிருக்கும். டி என்றால் சீனி அல்லது நிறைகொழுப்பு ஆக அதிகம். கடையில் கலக்கும் பானமாக இருந்தால் “கொசோங்” என்று ஒரு சொல் சொன்னால் போதும், சீனி இல்லாமல் கிடைக்கும்.

மருந்துகளையும் கவனிக்க வேண்டும். நீர் பிரிய உதவும் மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கும் சில மருந்துகள், மனநலத்துக்கான சில மருந்துகள் ஆகியவை உடலின் நீரைக் குறைக்கலாம், அல்லது வியர்வையைத் தடுக்கலாம். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். அது வெப்பத்தைவிட ஆபத்தானது. மருந்தாளரிடம் “வெயில் காலத்தில் இந்த மருந்துக்கு ஏதாவது கவனம் தேவையா?” என்று கேளுங்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலினை வெயில் படும் சன்னலோரத்திலும் காரிலும் வைக்க வேண்டாம். சூடு பட்டால் பார்ப்பதற்கு அப்படியே இருந்தாலும் அது வேலை செய்யாமல் போகலாம்.

விரதம் இருப்போருக்கு ஒரு வார்த்தை. ஆடி மாதத்திலும் மற்ற விரத நாள்களிலும் உணவைக் குறைத்தாலும் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். நோன்பு காரணமாகப் பகலில் தண்ணீரும் அருந்தாதவர்கள், வெளிவேலைகளைக் காலையிலோ நோன்பு திறந்த பிறகோ வைத்துக்கொள்ளலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் பேசுவது அவசியம்.

வேலையிடத்தில் உங்களுக்கு உரியவை

மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் வெப்ப அழுத்தத்திற்கான விதிமுறைகளைக் கடுமையாக்கியது. கட்டுமானத் தளங்கள், கப்பல் பட்டறைகள், ரசாயன ஆலைகள் போன்ற இடங்களில் டபிள்யூபிஜிடி அளவை ஒவ்வொரு மணி நேரமும் எடுக்க வேண்டும். அளவு 32ஐத் தொட்டால், கடுமையான உடலுழைப்பில் இருப்போருக்கு ஒவ்வொரு மணி நேரத்திலும் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். அதற்கு மேல் ஏறினால் ஓய்வும் நீள வேண்டும். குளிர்ந்த தண்ணீர் அருகிலேயே கிடைக்க வேண்டும்.

‘அதிகம்’ என்ற நிலை 33இல் தொடங்குகிறது, ஓய்வு 32இலேயே தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். செயலியில் ‘மிதம்’ என்று காட்டுவதால் ஓய்வு தேவையில்லை என்று யாரேனும் சொன்னால் அது சரியல்ல. இந்த ஓய்வு மேற்பார்வையாளர் செய்யும் சலுகை இல்லை. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

ஆக அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் புதிதாக வந்தவர்களும் நீண்ட விடுப்பிலிருந்து திரும்பியவர்களும்தான். உடல் வெப்பத்திற்குப் பழகுவதற்குக் குறைந்தது ஏழு நாள் வேண்டும். அந்த நாள்களில் உடல் சீக்கிரமே வியர்க்கக் கற்றுக்கொள்கிறது, வியர்வையில் போகும் உப்பைக் குறைத்துக்கொள்கிறது, இதயமும் நிதானமாகத் துடிக்கப் பழகுகிறது. ஊரில் சில வாரங்கள் ஓய்வாக இருந்தால் இந்தப் பழக்கம் கரைந்துவிடும். ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவராக இருந்தாலும், பொங்கலுக்கோ வீட்டுத் திருமணத்துக்கோ போய்விட்டு வந்த முதல் வாரத்தில் அவர் உடல் புதியவரின் உடல்தான். வேலை நேரத்தைப் படிப்படியாகக் கூட்டும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரையொருவர் கவனித்துக்கொள்வதும் நல்லது. வெப்பத் தாக்கு தொடங்கும்போது, தமக்கு ஏதோ ஆகிறது என்பது பாதிக்கப்பட்டவருக்கே தெரியாமல் போகலாம்.

வீட்டில் இல்லப் பணிப்பெண் வைத்திருப்போரும் இதை யோசிக்கலாம். பகல் ஒரு மணிக்குக் கார் கழுவுவதையும் சன்னல் துடைப்பதையும் காலைக்கு மாற்றுவதால் வேலை கெட்டுவிடாது.

டெங்கி: சிவப்பா, மஞ்சளா?

வெப்பத்திற்கும் டெங்கிக்கும் தொடர்பு உண்டு. வெப்பம் கூடும்போது ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வேகமாக வளர்கிறது. கொசுவின் உடலுக்குள் கிருமியும் வேகமாகப் பெருகுகிறது. அதனால்தான் மே முதல் அக்டோபர் வரை டெங்கிப் பருவம் என்கிறோம். 2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி வந்தது. 2022இலும் எண்ணிக்கை 32,000ஐத் தாண்டியது.

150 மீட்டர் சுற்றளவுக்குள் 14 நாள்களில் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு டெங்கி வந்தால் அந்த இடம் டெங்கிக் குழுமம் ஆகிறது. உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மஞ்சள் பதாகை இருந்தால் அங்கே பாதிக்கப்பட்டோர் பத்துக்குக் குறைவு. சிவப்பு என்றால் பத்து அல்லது அதற்கு மேல். சிவப்பைப் பார்த்து அக்கறை கொள்வதும் மஞ்சளைப் பார்த்துப் பேசாமல் போவதும் சரியில்லை. மஞ்சளில் நடவடிக்கை எடுத்தால் சிவப்பு வராமலே போகலாம்.

ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயம் அளவு தேங்கிய நீர் போதும். முட்டை கொசுவாக ஏழு நாள் ஆகும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். தமிழர் வீடுகளில் விடுபட்டுப்போகும் இடங்கள் சில உண்டு: துளசிச் செடித் தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு, பூசை அறையில் பூ மிதக்கவிடும் உருளி, சொம்பில் வைத்த தண்ணீர், விசேஷத்திற்கு மட்டும் எடுக்கும் அண்டா, துணி உலர்த்தும் கம்பு செருகும் குழாய். உருளி நீரைத் தினமும் மாற்றினால் பிரச்சினை இல்லை. வாரக் கணக்கில் விடும்போதுதான் சிக்கல். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். பயணம் போகும்போது கழிவறைத் தொட்டிகளை மூடிவையுங்கள்.

சில வட்டாரங்களில் வோல்பாக்கியா கொசுக்கள் விடப்படுகின்றன. விடப்படுபவை ஆண் கொசுக்கள். ஆண் கொசு கடிக்காது. வீட்டிற்குள் அவை வந்தால் அடித்துவிடலாம், தவறில்லை.

டெங்கிக் காய்ச்சலில் மக்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும். “தேறிவிட்டது” என்று எல்லாரும் நிம்மதி அடைவர். ஆபத்தான கட்டம் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுகடந்த சோர்வு, குளிர்ந்து ஈரமான கைகால் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் எடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டலாம். டெங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒருமுறை வந்துபோனவருக்கு வேறு வகையால் மீண்டும் வரலாம், அப்போது இன்னும் கடுமையாகவும் இருக்கலாம்.

புகைமூட்டம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, வட்டாரத்தில் காட்டுத் தீ எரிந்தால் அதன் புகையை இங்கே கொண்டுவரும். 24 மணி நேர பிஎஸ்ஐ அளவு மறுநாள் திட்டத்திற்கு. ஒரு மணி நேர பிஎம்2.5 அளவு இப்போது வெளியே போகலாமா என்று முடிவு செய்வதற்கு. பிஎஸ்ஐ 100ஐத் தாண்டினால் ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள் வெளிவேலையைக் குறைத்துக்கொண்டு மருந்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும். துணி முகக்கவசம் நுண்துகள்களைத் தடுக்காது, என்95 தடுக்கும். அறைக்குள் ஊதுபத்தியும் சாம்பிராணியும் அந்த நாள்களில் வேண்டாம். சன்னலை மூடினால் வீடு சூடாகும் என்பதால், மூச்சுக் கோளாறு இல்லாதவர்கள் காற்றின் தரம் மேம்படும் மணி நேரங்களில் சன்னலைத் திறந்துவிடலாம்.

செய்தி உண்மையானதா?

இந்த மாதங்களில் மோசடிக்காரர்களும் அரசாங்கத்தின் பெயரில் செய்தி அனுப்புவது உண்டு. 2024 ஜூலை முதல் பெரும்பாலான அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் ‘கவ் டாட் எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில் வருகின்றன. கொசு அபராதம் செலுத்த வேண்டும், உதவித்தொகை வந்திருக்கிறது என்று வேறு எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் இணைப்பு வந்தால் அதைத் தொட வேண்டாம். சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். கொசு சோதனைக்கு வரும் அதிகாரி அடையாள அட்டையைக் காட்டுவார். நீங்கள் கேட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். வங்கி விவரமோ சிங்பாஸ் மறைச்சொல்லோ கேட்க மாட்டார். கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் 995. அவசரம் இல்லாத ஆம்புலன்ஸ் சேவைக்கு 1777. 995ஐ அழைத்தால் ஆங்கிலம் தடுமாறினாலும் புளோக் எண்ணையும் தெருப் பெயரையும் முதலில் சொல்லுங்கள். இணைப்பைத் துண்டிக்காமல், அவர்கள் சொல்வதைக் கேட்டபடி தண்ணீர் ஊற்றுவதைத் தொடருங்கள்.